கேரம் சொல்லித்தந்தோம், கழித்தல் சொல்லித்தரவில்லை

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை குடியிருக்கும் நாம், பிள்ளைகளின் படிப்பு என்று பேச்செடுத்தால் அடுத்தவரைக் குறை சொல்லியே பழகிவிட்டோம். பள்ளிக்கூடம் சரியில்லை, வாத்தியார் சரியில்லை, வடசென்னை என்றால் அரசாங்கத்துக்கு இளக்காரம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சங்கம் வைத்தவர்கள், மன்றம் நடத்துபவர்கள், பட்டம் வாங்கியவர்கள் என்று இத்தனை பேர் இருக்கிறோமே, நம் பங்கு என்ன என்று ஒருநாளும் பேசியதில்லை. இப்போதாவது பேசுவோம்.

பத்தாம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் பாஸ் மார்க்குக்கு மட்டும் போதுமான 'மினிமம் மெட்டீரியல்'தான். கணக்கில் 35 எடுத்தால் பாஸ். வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் சேர்த்து 16 மதிப்பெண். தொடுகோடு வரையவை, கிராஃப் போடவை, மிச்சத்தை மனப்பாடம் பண்ணவை. பிள்ளை எப்படியோ கரையேறிவிடும், நாமும் நிம்மதியாகிவிடுவோம். அதே பிள்ளையை 503-இலிருந்து 278-ஐக் கழிக்கச் சொன்னால் 375 என்று எழுதும். இது கவனக்குறைவு அல்ல. மூன்றிலிருந்து எட்டு போகாது. எனவே எட்டிலிருந்து மூன்றைக் கழித்து ஐந்து. பூஜ்யத்திலிருந்து ஏழு போகாது; எனவே ஏழு. கடன் வாங்கிக் கழிப்பது புரியாமல் போன சின்ன வகுப்பிலேயே அது தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்து 'எப்படிம்மா போட்டே?' என்று கேட்டால் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். வருடக்கணக்கில் யாரும் கேட்கவில்லை. எட்டாவது வரைக்கும் எல்லாரும் பாஸ் என்பதால் பெற்றோராகிய நமக்கும் கேட்கத் தோன்றவில்லை.

'இதுக்குக் கணக்கே வராது' என்று முத்திரை குத்தியதும் நாம்தான். காசிமேட்டில் அம்மாவின் மீன்கூடை பக்கத்தில் உட்கார்ந்து, கூறு நாற்பது, மூணு கூறு நூத்தியிருபது, இருநூறு தாளுக்கு மீதி எண்பது என்று வாயாலேயே சொல்லுகிற பிள்ளைகள் இவர்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளை நூறு நூறாக மாற்றி, அதில் ஒரு நூறைப் பத்துப் பத்தாகவும், ஒரு பத்தைச் சில்லறையாகவும் மாற்றிக் காட்டியிருந்தால் அந்தக் கழித்தலுக்கு விடை 225 என்று அவர்களே சொல்லியிருப்பார்கள்.

சொல்லித்தர ஆள் இல்லை என்று நாம் சொல்வது பொய். கேரம் பலகைக்கு மேலே பல்பு கட்டித் தொங்கவிட்ட மன்றங்கள் நம் பகுதியில் எத்தனை! அங்கே பொடியன்களுக்கு ஸ்ட்ரைக்கர் பிடிக்க அண்ணன்மார்கள் காசு வாங்காமல் சொல்லித்தருகிறார்கள். விரல் தப்பினால் திருத்துகிறார்கள். சலிக்காமல் மறுபடி அடிக்கச் சொல்கிறார்கள். ஆட்டோ ஓட்டுநரின் மகளான புது வண்ணாரப்பேட்டை காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்று வந்தார். கேரமிலும் கால்பந்திலும் 'உனக்கு வராது' என்று நாம் யாரையும் சுலபத்தில் விரட்டுவதில்லை. படிப்பில்தான் விரட்டுகிறோம்.

சங்கங்களின் கணக்கையும் பார்த்துவிடுவோம். திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளின் வாசலில் போனஸுக்காக நின்றோம், பணி நிரந்தரத்துக்காக நின்றோம். அதனால் நிரந்தரத் தொழிலாளியின் பிள்ளை டியூஷனுக்குப் போனது. கான்ட்ராக்ட் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த வசதியும் இல்லை. மாலையில் பூட்டிக் கிடந்த சங்கக் கட்டடமும் அதற்குத் திறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. படகுக்கும் வலைக்கும் இழப்பீடு கேட்டோம். கேட்டது நியாயம். அந்த வாரங்களில் பிள்ளைகள் தவறவிட்ட பாடத்தை யார் ஈடுகட்டுவது என்று நாம் கேட்கவில்லை.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க, 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. அப்போது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, மாலை நேரத்தில், வீட்டுப் பக்கத்திலேயே வகுப்பு. தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய். அதே தெருவில் படித்த பெண்கள்தான் பெரும்பாலும் முன்வந்தார்கள். ஆயிரம் ரூபாய்க்கு வேலை பார்க்கிறாளே என்று அவர்களை ஏளனமாகப் பார்த்தோமே தவிர, ஒரு நல்ல இடமோ ஒரு மின்விசிறியோ நாமாகக் கொடுக்க முந்தவில்லை. அதை அரசாங்கத் திட்டம் என்று ஒதுக்கினோம். நம் பிள்ளைகளின் வகுப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை.

பட்டம் வாங்கி வேலைக்குப் போனவர்கள் அண்ணா நகருக்கும் ஓ.எம்.ஆருக்கும் குடிபோனோம். பழைய தெருவுக்குத் திருவிழாவுக்கு வந்தோம், நன்கொடை கொடுத்தோம், நோட்டுப் புத்தகம் வழங்கிப் படம் எடுத்துக்கொண்டோம். அந்த நோட்டில் பிள்ளை என்ன எழுதியது என்று திறந்து பார்க்கவில்லை.

பள்ளியும் அரசும் செய்ய வேண்டியதை விடாமல் கேட்போம். அதோடு நம் கையில் இருப்பதையும் செய்வோம். வாரத்தில் மூன்று நாள், மாலை ஆறு முதல் ஏழரை வரை, மன்றத்தையும் சங்க அலுவலகத்தையும் திறந்து வையுங்கள். ஒருவருக்கு ஐந்து பிள்ளைகள் போதும். பத்தாம் வகுப்புப் பாடத்தில் தொடங்காதீர்கள். பிள்ளை எந்த இடத்தில் நின்றுபோனதோ அங்கே தொடங்குங்கள். கூட்டல், கழித்தல், தமிழில் ஒரு பத்தியைத் தடங்கலின்றி வாசிப்பது, இவை வந்த பிறகு மற்றதைப் பார்க்கலாம். அடுத்த பொதுத்தேர்வு வரும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே தொடங்குங்கள்.