பிள்ளையின் பேரில் இன்னொரு துண்டா?

துண்டு என்றால் என்னவென்று இன்றைய இளைஞர்கள் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். கங்காணியும் அவருடைய ஆட்களும் பட்ட கடனை எழுதி, அதைக் கட்டினால் ஆட்களை விட்டுவிடுவதாகத் துரை கொடுத்த சீட்டுத்தான் துண்டு. வேறொரு தோட்டம் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். போக விருப்பமா என்று தொழிலாளியிடம் யாரும் கேட்டதில்லை. 1921இல் சட்டம் அந்த முறையை ஒழித்தது.

நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இன்னொரு துண்டு லயத்துக்குள் வருகிறது. தரகர் கொண்டு வருகிறார். "கொழும்பில் நல்ல வீடு, மூன்று வேளைச் சாப்பாடு, சொந்தப் பிள்ளை மாதிரிப் பார்ப்பார்கள்" என்கிறார். முற்பணம் கைமாறுகிறது. பாடசாலைக்குப் போக வேண்டிய பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். சம்பளம் அவள் கைக்கு வராது. திரும்பி வர நினைத்தால் முற்பணத்தைக் கட்ட வேண்டும். போக விருப்பமா என்று அவளையும் யாரும் கேட்பதில்லை.

பெற்றோரின் கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல. கொழுந்து குறைந்த மாதத்தில் அரைப்பேர் விழுந்தால், கடைக் கடனும் அடகுக் கடனும் கழுத்தை நெரிக்கும். அதற்காகத்தான் சம்பளத்துக்குப் போராடுகிறோம். ஆனால் கம்பனியிடம் கேட்டு வாங்க வேண்டியதைப் பிள்ளையின் உழைப்பில் ஈடுகட்ட முடியாது.

"நாங்கள் பெற்ற பிள்ளை, நாங்கள் முடிவு செய்கிறோம்" என்று சிலர் சொல்கிறார்கள். "என் தோட்டம், என் ஆட்கள்" என்று அன்றைய துரைமார் சொன்னதும் இப்படித்தான். அதை எதிர்க்கத்தான் சங்கம் அமைத்தோம். பிள்ளைகளுக்குச் சங்கம் கிடையாது. சந்தா கட்ட முடியாது, வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பெரியவர்களின் கையில் உள்ள அதிகாரம் பிள்ளையைக் காக்கத் தரப்பட்டது, விற்பதற்கு அல்ல.

சட்டமும் இதையே சொல்கிறது. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. தன்னைப் பற்றிய முடிவில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்கிறது அதன் 12ஆம் உறுப்புரை. 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது.

அதே 2021 ஜூலையில், கொழும்பில் வீட்டு வேலைக்கு இருந்த 16 வயது மலையகச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களுடன் வைத்தியசாலையில் இறந்தாள். மலையகமே வீதிக்கு வந்து நீதி கேட்டது. ஆனால் அந்த ஆத்திரம் ஊர்வலத்தோடு முடிந்துவிடக் கூடாது. மூடிய கேட்டுக்குப் பின்னால் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க அங்கே தலைவரும் இல்லை, பக்கத்துக் காம்பராவும் இல்லை. எனவே பிள்ளை தோட்டத்தை விட்டுப் போகும் முன்பே தடுக்க வேண்டும்.

தோட்டக் கமிட்டிகளிடம் நாம் கேட்பது இதுதான். எந்த லயத்தில் எந்தப் பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை என்று அதிபரிடம் கேட்டு அறியுங்கள். தரகர் வந்தால் விசாரியுங்கள். சங்கத்தில் பொறுப்பில் உள்ள எவரும் பிள்ளைகளை வேலைக்கு அனுப்ப இடைத்தரகராக இருக்கக் கூடாது. பிள்ளைக்குத் தீங்கு நடந்தால் பெரியவர்கள் கூடிப் பணம் பேசி முடிக்க வேண்டாம், பொலிஸில் முறையிடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. அதில் தமிழிலும் பேசலாம்.

நிர்வாகங்களிடமும் கேட்கிறோம். தாய் மாலைக் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வரை பிள்ளை மடுவம் திறந்திருக்க வேண்டும். அது பூட்டிக் கிடந்தால், தம்பி தங்கையைப் பார்க்க மூத்த பெண்பிள்ளைதான் வீட்டில் நிற்கிறாள். இரண்டு நாள் நின்றவள் பத்து நாள் நிற்பாள். படிப்பு நின்றதும் தரகர் வருவார்.

முற்பணம் வாங்கியவர்கள் இருந்தால், தயங்காமல் கமிட்டிக்குச் சொல்லுங்கள். கடனைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் பிள்ளை வீட்டுக்கு வரட்டும்.