ஓடாத காருக்கு ஏன் இந்த விலை?

விற்பனைக்கு: 1987 பியூயிக் ஜி.என்.எக்ஸ். கறுப்பு நிறம். ஒரே உரிமையாளர். சீற்றில் தொழிற்சாலை போட்ட பிளாஸ்ரிக் உறைகூட இன்னும் கழற்றப்படவில்லை. ரயர் நாலும் வரும்போது இருந்த அதே ரயர். ஓடியது சில நூறு மைல் மட்டும்.

இது ஒரு குறிப்பிட்ட விளம்பரம் இல்லை. அமெரிக்க ஏலங்களில் இந்தக் கார் வரும்போதெல்லாம் கிட்டத்தட்ட இதே வசனங்களோடதான் வரும். மைல் குறையக் குறைய விலை ஏறும். நிறைய ஓடின ஜி.என்.எக்ஸை விட, ஓடாமலே இருந்தது ஆறு இலக்க டொலர்களில் எங்கேயோ போய் நிற்கும்.

இதைப் பற்றி நாங்கள் ஏன் கதைக்கிறம் எண்டு கேட்பீர்கள். கென்ட்றிக் லாமார் 2024 நவம்பரில் ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் பெயரே ‘ஜி.என்.எக்ஸ்’. அட்டைப்படத்தில் அவரும் அந்தக் காரும். எங்களில் பலர் இந்தக் காரின் பெயரைக் கேள்விப்பட்டதே அப்போதுதான். பாட்டுகளைப் பற்றி எழுத வேண்டியதெல்லாம் எழுதியாச்சு. நாங்கள் காரைப் பற்றி எழுதுறம்.

எங்கட நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறோம். ஓடாத காருக்கு மேலதிக விலை கொடுக்கிற இந்தச் சந்தையை நாங்கள் ஏற்கவில்லை. அது காரைக் கெடுக்குது, காரைச் செய்தவர்களை மறைக்குது, ஓட்ட ஆசைப்பட்டவர்களை வாசலுக்கு வெளியில நிப்பாட்டுது.

மசில் கார் என்பது என்னவாகத் தொடங்கியது எண்டு பாருங்கோ. 1964இல் ஜெனரல் மோட்டர்ஸ் தன்னுடைய நடுத்தர அளவுக் கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் போடக்கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தது. பொன்ரியாக் பிரிவுப் பொறியியலாளர்கள் 389 கன அங்குல எஞ்சினை ஒரு ‘மேலதிகத் தெரிவு’ என்று பட்டியலில் செருகி விதியைச் சுத்திக்கொண்டு போனார்கள். அதுதான் ஜி.ரி.ஓ. மேலிடம் விழித்துப் பார்க்கும்போது சனம் வாங்கத் தொடங்கிவிட்டது. முதல் ஆண்டிலேயே 32,450 விற்றது. நாலு வருசத்துக்குப் பிறகு பிளைமவுத் இன்னும் ஒரு படி கீழே இறங்கி, ஆடம்பரம் எல்லாத்தையும் கழற்றிப்போட்டு, கம்பளத்துக்குப் பதில் றப்பர் விரிப்பும் ஒரு பெரிய வி8 எஞ்சினுமாக ‘ரோட் ரன்னர்’ காரைக் கொண்டு வந்தது. கார்ட்டூன் பறவையின் பெயரைப் போடுவதற்கு வார்னர் பிறதர்ஸுக்குக் காசு கட்டினார்கள், ஹோர்னும் அந்தப் பறவை மாதிரியே கத்தும். விலை 2,896 டொலர். 1968இல் அமெரிக்காவின் மத்திய குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 1.60 டொலர். கணக்குப் போட்டால் 1,810 மணித்தியால வேலை, அதாவது வாரம் நாற்பது மணித்தியாலப்படி நாற்பத்தைந்து வாரம். முழுச் சம்பளத்தையும் ஒருத்தரும் காரில போட மாட்டினம், அது வேற கதை. ஆனாலும் ஆகக் குறைந்த கூலிக்கு வேலை செய்கிற ஒரு இளைஞன் கண்ணுக்கு எட்டின தூரத்தில் அந்தக் கார் நின்றது.

பிறகு 1970இன் தூய காற்றுச் சட்டம், இளம் சாரதிகளுக்கு ஏறிய காப்புறுதிக் கட்டணம், 1973இன் எண்ணெய் நெருக்கடி. அந்தக் காலம் முடிஞ்சுது.

ஜி.என்.எக்ஸ் வருவது அதற்குப் பிறகு, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் இருந்து. பியூயிக் என்றால் ஓய்வூதியம் எடுத்தவர்களின் கார். அந்தக் கொம்பனியின் சாதாரண ரீகல் காரை எடுத்து, வி8 இல்லாமல் 3.8 லீற்றர் வி6 எஞ்சினுக்கு டேர்போ பூட்டி, கறுப்பு அடித்து, கிராண்ட் நஷனல் என்று பெயர் வைத்தார்கள். அதன் கடைசி ஆண்டான 1987இல், அதிலிருந்து 547 கார்களை மட்டும் மிச்சிகனில் உள்ள லிவோனியாவுக்கு அனுப்பி, ஏ.எஸ்.சி – மக்லாரன் நிறுவனத்திடம் கொடுத்து இன்னும் முறுக்கேற்றி எடுத்ததுதான் ஜி.என்.எக்ஸ். காகிதத்தில் 276 குதிரை வலு. பெட்டி மாதிரி ஒரு கார், அதே ஜெனரல் மோட்டர்ஸின் கோர்வெட்டை நேர் ஓட்டத்தில் முந்தியது. இந்தக் கதையில எங்களுக்குப் பிடிச்ச இடம் இதுதான்: மூத்த பிள்ளைக்கு எண்டு எல்லாம் செய்து வைக்க, கவனிக்காமல் விட்ட பிள்ளை முன்னுக்கு ஓடிப் போனது.

ஆனால் அதன் விலை 29,290 டொலர். 1987இல் குறைந்தபட்சக் கூலி 3.35 டொலர். முன்னைய கணக்கையே திருப்பிப் போடுங்கோ: 8,743 மணித்தியாலம், நாலு வருசத்துக்கு மேல். அது மட்டுமில்லை, ஒவ்வொரு காரின் டாஷ்போர்டிலும் இலக்கம் போட்ட ஒரு தகடு வேறு. 547இல் உங்களுடையது எத்தனையாவது என்று அது சொல்லும். இலக்கம் போட்டு விற்றால் வாங்கினவன் என்ன செய்வான்? பூட்டி வைப்பான். முகவர்கள் குறித்த விலைக்கு மேலேயும் வைத்து விற்றார்கள். வாங்கியவர்களில் பலர் நேரே கராஜுக்குள் விட்டு உறையால் மூடினார்கள். ஆகவே இந்த வியாதியை ஏலக்காரர்கள் மட்டும் கொண்டுவரவில்லை. விதையைப் போட்டது கொம்பனியே.

அதே நேரம் தொழிற்சாலைப் பக்கம் என்ன நடந்தது? 1986 நவம்பரில் ஜெனரல் மோட்டர்ஸ் தலைவர் ரோஜர் ஸ்மித் 11 தொழிற்சாலைகளை மூடப்போவதாக அறிவித்தார். சுமார் 29,000 பேரின் வேலை. இந்தக் காரின் எஞ்சின் பிறந்த பிளின்ற் நகரம் அந்தக் காலத்தில் எப்படிச் சிதைந்தது என்பதை மைக்கேல் மூரின் ‘ரோஜர் அண்ட் மீ’ ஆவணப்படத்தில் பார்க்கலாம். 1936–37இல் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து ஜெனரல் மோட்டர்ஸைப் பணிய வைத்த அதே பிளின்ற். காரின் உடல் பூட்டப்பட்ட பொன்ரியாக் நகர ஆலையில் 1987 டிசம்பரில் கடைசி கிராண்ட் நஷனல் வெளியே வந்தது. அதோட அந்த வரிசையும் முடிஞ்சுது. விளம்பரங்களில் ‘அப்படியே பாதுகாக்கப்பட்டது’ என்று எழுதுகிறார்களே, அந்தக் காரைச் சுத்தி இருந்த எதுவுமே பாதுகாக்கப்படேல்லை. கறுப்புப் பெயின்ற் மட்டும் மினுங்குது.

இனி அந்த மைல் கணக்குக்கு வருவோம். அது என்ன அவ்வளவு புனிதமான எண்ணா?

அறுபது எழுபதுகளின் அமெரிக்கக் கார்களில் மைல் மீற்றர் பெரும்பாலும் ஐந்து இலக்கம். 99,999க்குப் பிறகு திரும்பப் பூச்சியம். மீற்றரைப் பின்னால் சுற்றுவதை அமெரிக்க மத்திய அரசு தடைசெய்ததே 1972இல்தான். அதாவது மசில் காரின் பொற்காலம் என்று சொல்லப்படுகிற 1964 முதல் 1971 வரையான காலம் முழுதும் அதைத் தடுக்க மத்திய சட்டம் இருக்கவில்லை. அதற்குப் பிறகும், நெடுங்காலமாகப் பத்து வருடம் தாண்டிய வாகனத்தை விற்கும்போது மைல் கணக்கை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டியதில்லை என்று விதிவிலக்கு இருந்தது. 1987 கார் ஒன்று 1997இலேயே அந்த விலக்குக்குள் போய்விடும். ஆக, லட்சக்கணக்கில் விலையைத் தீர்மானிக்கிற எண்ணுக்குப் பின்னால் நிற்பது பழைய பற்றுச்சீட்டுகளும், விற்பவரின் வாயும், வாங்குபவரின் ஆசையும்தான். ஜி.என்.எக்ஸ் போல எண்ணிக்கை தெரிந்த, ஆவணங்கள் ஒழுங்காக உள்ள கார்களில் ஏமாற்றுவது கடினம், அதை ஒத்துக்கொள்ளுறம். மற்ற மசில் கார்களில் விளம்பரத்தில் ‘உண்மையான மைல்’ என்று கண்டால் அந்த ‘உண்மையான’ என்ற சொல் ஏன் தேவைப்பட்டது எண்டு முதல் யோசியுங்கோ.

எண் உண்மை என்றே வைப்போம். ஓடாத கார் நல்ல கார் என்று யார் சொன்னது? பூட்டி வைத்த காரில் பெற்றோல் பிசின் மாதிரி இறுகும், றப்பர் குழாய்கள் விறைத்து வெடிக்கும், பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். கிராண்ட் நஷனல் வைத்திருக்கிற எவரையும் கேட்டால் இரண்டு விசயம் சொல்லுவார்கள். ஒன்று, பம்பருக்கும் உடலுக்கும் இடையில் உள்ள பிளாஸ்ரிக் நிரப்பிகள். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயசு போனால் பிஸ்கட் மாதிரி உதிரும். மற்றது பிறேக். டேர்போ எஞ்சின் அழுத்தத்தில் ஓடும்போது பிறேக்குக்கு உதவுகிற வெற்றிடம் கிடைக்காது என்பதால் இந்தக் கார்களில் ‘பவர்மாஸ்ரர்’ என்று மின்மோட்டரால் அழுத்தம் சேமிக்கிற ஒரு முறை போட்டிருந்தார்கள். அது வயசாகும்போது பழுதாவதற்குப் பேர் போனது. பழுதானால் பெடல் கல்லு மாதிரி நிற்கும். ஓட்டுகிறவர்கள் பலர் அதைக் கழற்றிவிட்டு வேறு முறைக்கு மாறிவிட்டார்கள். அவர்களின் காருக்குத்தான் ‘தொழிற்சாலை நிலை இல்லை’ என்று விலை குறைக்கிறார்கள்!

ரயர் இன்னும் வேடிக்கை. குட்இயர் ஈகிள் ரயர், ‘கேற்றர்பாக்’ எண்டு பட்டப்பெயர். 1987இல் பூட்டிய அதே ரயர் இன்னும் இருக்கிறது என்று பெருமையாக எழுதுகிறார்கள். அந்த ரயரில் அறுபது மைல் வேகத்தில் போகச் சொல்லி விற்பவரையே கேளுங்கோ, மாட்டார். நிற்க முடியாத பிறேக்கும் ஓட முடியாத ரயரும் இருந்தால் விலை கூட, இரண்டையும் மாற்றி ஓடக்கூடியதாக வைத்திருந்தால் விலை குறைய. என்ன நியாயம் இது?

இந்த உலகத்தில் மறுசீரமைக்கப்படாமல் அப்படியே இருக்கிற காருக்கு ‘சேர்வைவர்’ எண்டு பேர். தப்பிப் பிழைத்தது என்று அர்த்தம். எதிலிருந்து தப்பியது? வெயில் படாத, ஈரம் ஏறாத அறைக்குள் முப்பத்தைந்து வருடம் நின்ற வாகனம் எதற்கு முகம் கொடுத்தது? அந்தச் சொல்லின் கனம் தெரிந்த ஊரில் இருந்து எழுதுகிறோம், ஆகவே எங்களுக்கு அது கொஞ்சம் கூடவே உறுத்துது.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அது மொக்கு வாதம் இல்லை. ஒரு கார் தொழிற்சாலையில் இருந்து எப்படி வந்தது, எந்தத் திருகாணிக்கு என்ன நிறம், பெயின்ற் எவ்வளவு தடிப்பு என்று பார்க்க ஒரு தொடாத கார் தேவை. மற்றதுகளைத் திருத்துகிறவர்களுக்கு அதுதான் பாடப்புத்தகம் என்பார்கள். சரி. அதற்கு ஒன்று போதும், பத்தும் இருக்கட்டும். அவற்றை அருங்காட்சியகத்தில் வையுங்கோ, எல்லாரும் போய்ப் பார்க்கட்டும். தனியாள் கராஜுக்குள் பூட்டி, அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா ஏலத்துக்கு மட்டும் லொறியில் ஏற்றி இறக்குகிற காரிடம் எந்த மெக்கானிக் போய்ப் பாடம் படிக்கிறது? அது பாடப்புத்தகமா, வங்கிப் பெட்டகமா?

ஓடின காருக்கு மதிப்பில்லை என்பதும் சுத்தப் பொய். ‘புல்லிற்’ படத்தில் ஸ்ரீவ் மக்குவீன் ஓட்டிய 1968 மஸ்ராங்கை 1974இல் ஒரு குடும்பம் 6,000 டொலருக்கு வாங்கியது. அதை அவர்கள் உறையால் மூடவில்லை, வீட்டுக்காராக ஓட்டினார்கள். அந்த வீட்டு அம்மா அதில்தான் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனார். மக்குவீனே திருப்பித் தரச் சொல்லிக் கடிதம் எழுதியும் கொடுக்கவில்லை. 2020 ஜனவரியில் புளோரிடாவில் கிசிமி நகர ஏலத்தில், கீறலும் துருவும் அப்படியே இருக்க, கட்டணங்களோடு 37 லட்சம் டொலருக்கு மேல் போனது. மக்குவீனுக்காகத்தான் அந்த விலை, எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கூட்டம் கைதட்டியது மினுக்கத்துக்கு இல்லை. அந்தக் கீறல்களுக்கு என்ன நடந்தது எண்டு தெரிஞ்சதால.

கென்ட்றிக்கிடம் திரும்புவோம். அவர் பிறந்ததும் 1987இல், கொம்ப்டனில். ரீகல் குடும்பக் கார்கள் லொஸ் ஏஞ்சலிஸின் கறுப்பின, மெக்சிக்க வம்சாவளிக் குடியிருப்புகளில் வெறும் வாகனமாக இருக்கவில்லை. இரண்டாம் கை, மூன்றாம் கையாக வாங்கி, கராஜிலும் வீட்டு வாசலிலும் வைத்துத் திருத்தி, தாழ்த்தி, நிறம் அடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்வலம் விட்ட கார்கள் அவை. ஒரு சாதாரண பியூயிக்கை ஒரு அடையாளமாக மாற்றியதில் அந்தத் தெருக்களின் உழைப்புக் கொஞ்சநஞ்சமில்லை. இன்றைக்கு ஏலப் பட்டியலில் அந்த உழைப்புக்கு ஒரு வரி கிடையாது. ‘மாற்றங்கள் செய்யப்பட்டது’ என்று ஒரு குறையாக மட்டும் அது பதிவாகும்.

2025 பெப்ரவரி 9, நியூ ஓர்லியன்ஸ், சூப்பர் போல் இடைவேளை. மேடை நடுவில் அந்தக் கறுப்புக் கார், பொனற்றுக்கு மேல் குந்தியபடி கென்ட்றிக். கதவு திறக்க, உள்ளேயிருந்து ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருக்கிறார்கள், முடியவே இல்லை. ஐந்து பேர் இருக்கிற காருக்குள் ஒரு தெருவே இருந்தது. பிளாஸ்ரிக் உறை போட்ட சீற்றில் இருந்து அவ்வளவு பேர் வந்திருப்பினமா?

வாங்க வசதி உள்ளவர்கள் இதை வாசிக்க வாய்ப்புக் குறைவு. இருந்தும் கேட்கிறோம். வாங்கினால் முதல் நாளே அந்த கேற்றர்பாக் ரயர்களைக் கழற்றி நல்ல ரயர் போடுங்கோ. பிறேக்கை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கோ, பெற்றோல் தாங்கியைக் கழுவுங்கோ, சீற் உறையைக் கிழியுங்கோ. விலை குறையும் எண்டு ஏலக்காரர் சொல்லுவார், குறையட்டும். பிறகு அதை உட்வேர்ட் அவெனியூவுக்குக் கொண்டு போங்கோ. டிற்ரோயிற்றில் இருந்து பொன்ரியாக் நகரம் வரை போகிற றோட்டு அது, ஒவ்வொரு ஓகஸ்ற்றிலும் பழைய கார்கள் ஆயிரக்கணக்கில் அதில் இறங்கும். ஓரத்தில் கதிரை போட்டு இருக்கிற கிழவர்களில் யாராவது ஒருவர் உங்கட காரின் கதவைப் பூட்டினவராகவும் இருக்கலாம். வேகத்தைக் குறைச்சுப் போங்கோ, அவர் பார்க்கட்டும்.