அப்பல்லோ தலையில் கட்டாதீர்கள்

ஹைதராபாத்தில் கொண்டாப்பூர், கச்சிபௌலிப் பக்கம் தமிழ் நண்பர்கள் கூடும் இடத்தில் கிரேக்க நாடகத்தை யாராவது எடுத்தால் போதும், தீர்ப்பு தயாராக வந்துவிடும். "ஈடிபஸா? எல்லாம் விதி சார். கூடக் கொஞ்சம் திமிர். அவன் என்ன பண்ணுவான், பாவம்!" இந்த மூன்றில் ஒன்றையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதலில் விதி. அப்பனைக் கொல்வான், தாயை மணப்பான் என்று தெல்பியில் அப்பல்லோ சொன்ன வாக்கு பலித்தது உண்மைதான். ஆனால் சோஃபக்ளீஸின் நாடகம் தொடங்கும்போது அந்த இரண்டும் நடந்து பல வருடம் ஆகிவிட்டது. மேடையில் நாம் பார்ப்பது ஒரு விசாரணை. தீப்ஸ் நகரில் கொள்ளைநோய். பழைய அரசன் லேயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால்தான் விடிவு. அதை முடுக்குகிறவன் ஈடிபஸ். போதும், விட்டுவிடு என்று மனைவி யொகாஸ்டா கெஞ்சுகிறாள். உண்மை தெரிந்த கிழட்டு இடையன் வாயைத் திறக்க மறுக்கிறான். அவன் கையை முறுக்கிக் கட்டச் சொல்லி, மிரட்டி உண்மையைக் கறக்கிறான் ஈடிபஸ். அந்த இடத்தில் அவன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தச் சொல்லத்தான் ஆள் இருந்தது, தொடரச் சொல்லி யாரும் பிடித்துத் தள்ளவில்லை.

திமிர்? கோபக்காரன்தான். முச்சந்தியில் வழிவிடும் தகராறில் ஒரு கிழவரையும் உடன் வந்தவர்களையும் அடித்துக் கொன்றவன்; குருட்டு ஞானி டைரீசியஸை வாய்க்கு வந்தபடி ஏசியவன். ஆனால் அந்தக் கிழவர்தான் லேயஸ், தன் தகப்பன் என்று தெரியாமல் போனதற்குத் திமிரா காரணம்? அரிஸ்டாட்டிலே இவனை உதாரணம் காட்டும்போது தீய குணத்தால் வீழ்ந்தவன் என்று சொல்லவில்லை, பிழையால் வீழ்ந்தவன் என்கிறார். அதைத் திமிராக்கியது பரீட்சை நோட்ஸ்.

திமிரால் கெட்டவன்தான் வேண்டுமென்றால் 'ஆன்டிகனி'யின் கிரேயோனைப் பிடியுங்கள். அவனும்கூடக் கடைசியில் மனம் மாறுகிறான். அடைத்துவைத்த ஆன்டிகனியை விடுவி, அவள் சகோதரனின் பிணத்தைப் புதை என்று அந்த வரிசையில்தான் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இவன் பிணத்தைப் புதைத்துவிட்டுப் போகிறான். அதற்குள் அவள் தூக்கில் தொங்கிவிட்டாள்.

'அவன் என்ன பண்ணுவான்' என்பதுதான் இருப்பதிலேயே மோசமான வாதம். தெரியாமல் செய்த கொலை வேறு, வேண்டுமென்றே செய்தது வேறு என்று ஏதென்ஸ் சட்டம் கி.மு. 7ஆம் நூற்றாண்டில், டிராக்கோ காலத்திலேயே பிரித்துவிட்டது. வயதான பிறகு, 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்தில், ஈடிபஸே இதைச் சொல்லி வாதாடுகிறான். ஆனால் உண்மை தெரிந்த அன்று வாதாடவில்லை. யொகாஸ்டாவின் ஆடையூசிகளைப் பிடுங்கிக் கண்ணில் குத்திக்கொண்டான். இந்தத் துன்பத்தைத் தந்தது அப்பல்லோ, குத்திய கை என்னுடையது என்று பிரித்துச் சொல்கிறான்.

"அதெல்லாம் கிரேக்கர்களுக்கு. ஊழை நம்பும் நமக்கு ஏது பொறுப்பு?" என்பார்கள் அடுத்ததாக. சிலப்பதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கோவலனைப் பார்த்தால் வெட்டப் போன காவலர்களுக்கே கள்வனாகத் தெரியவில்லை. பொற்கொல்லன் களவு சாத்திரம் பேசி அவர்கள் வாயை அடைக்கிறான். கோவலனின் முற்பிறப்புக் கணக்கை மதுராபதித் தெய்வம் எடுத்துச் சொல்வது கட்டுரை காதையில். பாண்டியனோ அதற்கு முன்பே, வழக்குரை காதையிலேயே, உயிரை விட்டுவிட்டான். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்ததும், பொற்கொல்லன் பேச்சைக் கேட்ட நானா அரசன், நானே கள்வன் என்றான். ஊழ் என்ற சொல் அவன் வாயில் வரவில்லை.

நாங்கள் இருக்கும் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருகி ஆயிரக்கணக்கானோரை அடித்துக்கொண்டு போனது. நிஜாம் மஹபூப் அலி கான் ஆற்றுக்கு ஆரத்தி எடுத்தார் என்று இன்றும் சொல்வார்கள். ஆரத்தியோடு விடவில்லை, வெள்ளத்தைத் தடுக்க வழி சொல்லப் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவையும் வரவழைத்தார்கள். உஸ்மான் சாகர் அணை 1920இலும் ஹிமாயத் சாகர் அணை 1927இலும் கட்டி முடிந்தன.