முதுகைச் 'சடக்' என்று முறிக்கும் வீடியோவும் எமது பிள்ளைகளின் படிப்பும்



பதிவு கொஞ்சம் நீளம். சாதாரணதரம் எழுதிய, எழுதப்போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பொறுமையாக வாசித்துப் பாருங்கள்.

சில மாதங்களாக வகுப்பில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "டீச்சர், கைரோபிராக்டிக் படிக்க எங்க போகணும்?" எல்லாம் ஃபோனில் பார்த்த வீடியோதான். ஒருவர் குப்புறப் படுத்திருப்பார். மற்றவர் முதுகில் கை வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். 'சடக்' என்று சத்தம் வரும். படுத்திருந்தவர் சிரித்துக்கொண்டு எழும்புவார். பிள்ளைகளுக்கு ஆசை வருவதில் பிழையே இல்லை. டொக்டர், எஞ்சினியர், இரண்டும் இல்லாவிட்டால் கட்டார் என்று மூன்றே வழி தெரிந்த ஊரில் நான்காவதாக ஒன்றைக் கேட்கிறார்களே என்று எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்லுமுன்பே விளம்பரக்காரர்கள் பதில் சொல்லிவிடுகிறார்கள். சில வாரத்தில் சான்றிதழ், ஆறு மாதத்தில் டிப்ளோமா, உலகம் முழுக்க வேலை. நகையை அடகு வைத்தாவது கட்டிவிடலாமா என்று யோசிக்கிற தாய்மாரும் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆசைப்படும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். ஆனால் அந்தக் காசைச் சான்றிதழ் விற்பவர்களிடம் கொண்டுபோய்க் கொட்டவும் வேண்டாம். முதுகு, மூட்டு, எலும்பு நோவுக்குக் கையால் வைத்தியம் செய்யும் தொழிலுக்கு எமது நாட்டில் சரியான வாசல் பிசியோதெரபி. அந்த வாசல் திறப்பது உயர்தர உயிரியல் பிரிவில்.

கைரோபிராக்டிக் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டாவன்போர்ட் என்ற ஊரில் 1895இல் டி.டி. பாமர் என்பவர் தொடங்கி வைத்த முறை அது. இரண்டு வருடத்தில் அதற்கென்று ஒரு பாடசாலையும் திறந்துவிட்டார். முள்ளந்தண்டு சரியாக இல்லாததால்தான் அனேகமான நோய்கள் வருகின்றன என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தை இன்றைய விஞ்ஞானம் ஏற்கவில்லை. ஆனால் நாரி நோவுக்குக் கையால் செய்யும் சிகிச்சை ஓரளவு பலன் தரும் என்பதை ஆய்வுகள் ஏற்கின்றன. ஒழுங்கான உடற்பயிற்சி எவ்வளவு பலன் தருமோ ஏறத்தாழ அவ்வளவு. அந்தச் 'சடக்' சத்தத்துக்கும் எலும்பு இடத்துக்கு வந்ததற்கும் சம்பந்தமில்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் திடீரென்று ஒரு வாயு வெற்றிடம் உண்டாவதால் வருகிற சத்தம் அது. 2015இல் கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தினர் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்து இழுத்து இதைப் படமாகவே பிடித்துக் காட்டினார்கள். விரலைச் சொடுக்கும்போது வருவதும் அதே சத்தம்தான். இதைக் கேட்டதும் வகுப்பில் பாதிப் பேர் விரலைச் சொடுக்கிப் பார்த்தார்கள்!

கையால் எலும்பைச் சரிசெய்வது எமக்குப் புதிய விடயமும் அல்ல. கொர்தோபாவில் வாழ்ந்த அல்-ஸஹ்ராவி ஆயிரம் வருடங்களுக்கு முன்பே 'அத்தஸ்ரீப்' என்ற தன்னுடைய பெரிய நூலின் முப்பதாவது பாகத்தில் எலும்பு முறிவையும் மூட்டு விலகலையும் பற்றித் தனிப்பகுதி எழுதியிருக்கிறார். இப்னு ஸீனாவும் முள்ளந்தண்டு பற்றி எழுதியிருக்கிறார். இங்கே கிராமங்களில் முறிவு நெரிவு வைத்தியர்களிடம் எண்ணெய் போட்டு, பத்துப் போட்டு, கட்டுக் கட்டிக்கொண்டு சுகமானவர்கள் எத்தனையோ பேர். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இப்படிப்பட்ட பரம்பரை வைத்தியர்கள் பதிவு செய்துகொண்டு தொழில் செய்ய இடம் கொடுக்கிறது. அவர்களை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் கை வந்தது வாப்பாவிடம், பாட்டனிடம் பதினைந்து, இருபது வருடம் கூடவே இருந்து பழகியதால். வார இறுதி வகுப்பில் அது வராது.

உலக சுகாதார அமைப்பு 2005இல் கைரோபிராக்டிக் பயிற்சிக்கென்று வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டது. முழுப் பயிற்சிக்கு அது கேட்பது நான்கு வருட முழுநேரப் படிப்பு, குறைந்தது 4200 மணித்தியாலம். அதில் 1000 மணித்தியாலமாவது மேற்பார்வையின் கீழ் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து பழக வேண்டும். ஆறு மாத டிப்ளோமா விளம்பரத்துக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கை எழுதி வைத்துப் பாருங்கள். பிரித்தானியாவில் 1994ஆம் ஆண்டின் சட்டப்படி, பதிவு செய்யாத ஒருவர் தன்னைக் கைரோபிராக்டர் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். அந்தச் சான்றிதழைக் கொண்டு "உலகம் முழுக்க வேலை" எப்படி வரும் என்று விற்பவரிடமே கேளுங்கள்.

இவ்வளவு மணித்தியாலம் எதற்கு? அழுத்தத் தெரிவது சின்ன விடயம். யாரை அழுத்தக்கூடாது என்று தெரிவதுதான் பெரிய படிப்பு. நாரி நோவு என்று வருகிற நூறு பேரில் அனேகமானவர்களுக்குத் தசைப்பிடிப்போ தேய்வோதான். ஆனால் அதில் ஒருவருக்கு முள்ளந்தண்டில் காசநோய் இருக்கலாம், புற்றுநோய் பரவியிருக்கலாம், எலும்பு மெலிந்து ஏற்கனவே வெடித்திருக்கலாம். கால்கள் விறைத்து, சிறுநீர் போவதே தெரியாமல் வருகிற ஒருவரை எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தால் அவர் ஆயுள் முழுக்க நடக்க முடியாமல் போகலாம். அவர் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டிய ஆள். கழுத்தைத் திடீரென்று திருப்பினால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வருவதும் அபூர்வமாக நடந்திருக்கிறது. வைத்தியம் தெரியாமல் வைத்தியம் செய்து தீங்கு வந்தால் செய்தவரே பொறுப்பு என்பது எமது மார்க்கச் சட்டத்திலும் தெளிவாக உள்ள விடயம். ஹிஜாமாவை ஒரு நாள் பயிற்சியில் படித்துவிட்டு வந்து பிளேடு பிடிப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறோம். கோபிக்க வேண்டாம்.

சரி, எங்கே படிக்கலாம்? எமது அரச பல்கலைக்கழகங்களில் கைரோபிராக்டிக் என்று ஒரு பட்டப்படிப்பு இல்லை. பக்கத்து நாடுகளில் மலேசியாவில், கோலாலம்பூர் ஐ.எம்.யு. பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அவுஸ்திரேலியா, பிரித்தானியாவிலும் இருக்கிறது. எல்லாம் காசு கட்டிப் படிக்கும் இடங்கள். வசதியுள்ள குடும்பங்கள் போகட்டும், மாஷா அல்லாஹ். வள்ளத்தில் பங்குக்குப் போகிறவருடைய பிள்ளைக்கு அது வழியல்ல.

அந்தப் பிள்ளைக்கு வழி இங்கேயே இருக்கிறது. கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் நான்கு வருட பிசியோதெரபிப் பட்டம். அரச பல்கலைக்கழகம், படிப்பு இலவசம். உடற்கூற்றியல், நரம்பு, தசை, எலும்பு, மூச்சு, பக்கவாதம் வந்தவரை நடக்கப் பழக்குவது, சத்திரசிகிச்சைக்குப் பிறகு எழுப்புவது எல்லாம் அதில் வரும். வீடியோவில் பார்க்கிற அந்தக் கைவேலையும் வரும். அவுஸ்திரேலியாவின் மெயிட்லண்ட், நியூசிலாந்தின் மலிகன் போன்ற பிசியோதெரபிஸ்டுகள் உருவாக்கிய மூட்டு அசைவு முறைகளை இன்று உலகம் முழுக்கப் படிப்பிக்கிறார்கள். படித்து முடித்ததும் இலங்கை மருத்துவ சபையில் பதிவு. அரச ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி, விளையாட்டுத் துறை, வெளிநாடு என்று வேலைக்கு இடமுண்டு. வெளிநாட்டில் அந்தந்த நாட்டுப் பரீட்சையும் எழுத வேண்டி வரும். அதற்குப் பிறகும் கைரோபிராக்டிக்தான் வேண்டும் என்றால், கையில் ஒரு தொழிலை வைத்துக்கொண்டு போகலாம்.

இன்னொரு வழி யூனானி. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் இராஜகிரியவில் படிக்கலாம். ஐந்து வருடமும் ஒரு வருடப் பயிற்சியும். ஹிஜாமா, 'தல்க்' என்கிற பிடித்துவிடுதல், உடற்பயிற்சி எல்லாம் அங்கே ஒழுங்கான பாடமாகவே இருக்கிறது. சித்த மருத்துவம் என்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் திருகோணமலை வளாகமும் இருக்கின்றன. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சுதேச வைத்தியப் பட்டதாரிகள் அரச நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்ததையும் வீதியில் இறங்கியதையும் செய்திகளில் பார்த்திருக்கிறோம். சொந்தமாக ஒரு வைத்தியசாலை நடத்தும் துணிவுள்ள பிள்ளைக்கு நல்ல படிப்பு. நியமனக் கடிதத்தை மட்டும் நம்பியிருப்பவர் யோசித்துப் போகவும்.

மன்னார் பின்தங்கிய மாவட்டம் என்று பேசும்போதெல்லாம் எமக்கு மனம் சுருங்கும். ஆனால் பல்கலைக்கழக அனுமதியில் அந்தப் பெயர் எமக்கு உதவுகிறது. விஞ்ஞானப் படிப்புகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. கொழும்பு மாவட்டப் பிள்ளைக்குத் தேவைப்படும் இஸட் புள்ளி எமது பிள்ளைக்குத் தேவைப்படாது. ஆனால் உயிரியல் பிரிவில் பரீட்சை எழுதவே ஆள் இல்லை என்றால் அந்த இடம் யாருக்குப் போகும்?

உண்மையான பிரச்சினை இங்கேதான். சாதாரணதரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ, பி எடுத்த பிள்ளையும் உயர்தரத்தில் கலைப்பிரிவுக்குள் போகிறது. கலைப்பிரிவு குறைவானது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பிள்ளை அதை விரும்பி எடுப்பதில்லை. பௌதிகத்துக்கு ஆசிரியர் இல்லை, வந்தவர் ஒரு வருடத்தில் இடமாற்றம் எடுத்துப் போய்விட்டார், டியூசனுக்கு மன்னாருக்குப் போய்வர பஸ் சரியில்லை, விடுதிக்குக் காசில்லை. விஞ்ஞானம் படிக்க முசலியை விட்டு வெளியே போக வேண்டியிருக்கிறது என்பதாலேயே எத்தனை பிள்ளைகளின் படிப்பு திசை மாறியது என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். 1990க்குப் பிறகு புத்தளத்து முகாம்களில் ஓலைக் கொட்டில்களில் படித்து முன்னுக்கு வந்த சமூகம் இது. மீளக் குடியேறிய ஊரில் ஒரு பௌதிக ஆசிரியரை நிரந்தரமாக வைத்திருக்க முடியவில்லை என்பது எமக்குப் பொருந்தாது.

பௌதிகத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. கஷ்டம் என்று அதை விட்டுவிட்டு விவசாய விஞ்ஞானம் எடுத்தால் சில கதவுகள் அந்த இடத்திலேயே மூடிவிடும், மருத்துவ பீடம் உட்பட. உயிரியல், இரசாயனம், பௌதிகம் மூன்றும் எடுப்பதுதான் பாதுகாப்பு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூல் தமிழிலும் வருகிறது. பாடங்களைத் தெரிவு செய்யுமுன் அதைப் பாருங்கள். புத்தளத்தில் ஒரு கால், இங்கே ஒரு கால் என்று இருக்கும் குடும்பங்கள், பிள்ளை எந்த மாவட்டத்தில் கணக்கெடுக்கப்படும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பரீட்சை முடிந்த பிறகு ஓடித் திரிந்து பிரயோசனமில்லை.

இப்போது பெண் பிள்ளைகள். எமது ஊர் உம்மாமாரைப் பாருங்கள். நாற்பது வயதில் நாரியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். தண்ணீர் சுமந்தது, விறகு சுமந்தது, பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியுமுன் அடுப்படிக்குத் திரும்பியது, எல்லாம் அந்த நாரிக்குள்தான் இருக்கிறது. ஆண் வைத்தியரிடம் முதுகைக் காட்டக் கூச்சம். ஆகவே பெனடோலும் தைலமும். பிரசவத்துக்குப் பிறகு சிறுநீர் கசிவதைப் பற்றி வெளியில் சொல்லவே மாட்டார்கள். சரியான பயிற்சியால் அனேகருக்குக் குணமாகக்கூடிய விடயம் அது. பிசியோதெரபியில் அதற்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட் முசலியில் இருந்தால் இந்தத் தாய்மார் எத்தனை பேர் நிமிர்ந்து நடப்பார்கள்!

ஆனால் "பொம்புளப் புள்ள, ஆம்புளைகள்ற காலப் பிடிச்சி உடுற வேலையா?" என்று கேட்பவர்களும் நாமே. வைத்தியத் தேவைக்கு மார்க்கம் எவ்வளவு இடம் தந்திருக்கிறது என்பதை ஜும்ஆ மேடையில் உலமாக்கள் ஒரு தடவை விளக்கிச் சொன்னால் பல வீடுகளில் இந்தப் பேச்சு அடங்கும். பெண்களுக்குப் பெண் வைத்தியர்தான் வேண்டும் என்று சத்தம் போடும் நாமே, எமது பெண் பிள்ளையைப் படிக்க அனுப்பாமல் விட்டால் அந்தப் பெண் வைத்தியர் எந்த ஊரிலிருந்து வருவார்?

ஆண் பிள்ளைகளுக்கும் வேலை குறைவில்லை. வலை இழுத்து, எஞ்சின் தூக்கித் தோள் போனவர்கள் சிலாவத்துறையில் மட்டும் எத்தனை பேர். முத்துக் குளித்த காலத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கியவர்களின் கரை இது. உடம்பை வைத்துத்தான் இங்கே எல்லோரும் பிழைத்தார்கள்.

ஆசையுள்ள பிள்ளைகள் இப்போதிருந்தே செய்யக்கூடியது: ஆங்கிலத்தைத் தள்ளிப்போட வேண்டாம், பட்டப்படிப்பு முழுக்க ஆங்கிலத்தில்தான். மன்னார் ஆஸ்பத்திரிக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போக நேர்ந்தால், பிசியோதெரபி செய்பவர்களின் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கவாதம் வந்த ஒருவரின் ஒரு விரல் அசைவதற்கு எத்தனை வாரம் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகும் இந்தப் படிப்பு பிடித்திருந்தால் உங்களுக்கு இது சரி. வீடியோவில் அந்த வாரங்களைக் காட்டமாட்டார்கள்.

வெளிநாட்டிலுள்ள எமது சகோதரர்களிடமும் பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஒரு கோரிக்கை. வருடத்துக்கு இரண்டு பிள்ளைகள் போதும். உயிரியல் பிரிவில் படிக்கத் தகுதியுள்ள, வசதியில்லாத இரண்டு பிள்ளைகளின் விடுதிச் செலவையும் டியூசன் காசையும் இரண்டரை வருடத்துக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். அதில் ஒன்றாவது பெண் பிள்ளையாக இருக்கட்டும். பௌதிக ஆசிரியர் விடயத்தில் பெற்றோர் சேர்ந்து வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினால் கையொப்பம் வாங்கித்தர நாங்கள் ஆசிரியர்கள் வீடு வீடாக வரத் தயார், இன்ஷா அல்லாஹ்.

பாடத் தெரிவு பற்றிக் கேள்வியுள்ள பிள்ளைகள் கீழே எழுதுங்கள். பெற்றோர் என்றால் பாடசாலைக்கே வாருங்கள். டிப்ளோமாவுக்கு முற்பணம் கட்ட இருப்பவர்கள், கட்டுவதற்கு முன் அந்த விண்ணப்பத்தைக் கொண்டுவந்து ஒருமுறை எங்களிடம் காட்டுங்கள்.