பிரசாரமும் நம் காதுகளும்

போன மாதம் சிதம்பரத்தில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடியிருந்தோம். நான் கொண்டுபோயிருந்த இசையைக் கால் மணி நேரம்கூடக் கேட்காமல் ஒரு நண்பர் எழுந்துவிட்டார். கவிஞர். நல்ல கவிஞர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். "அல்லேலூயா கோஷ்டியை எல்லாம் இங்கே கொண்டு வராதீங்க சார்" என்றார். வெளியே போய் டீ குடித்துவிட்டு, பாட்டு நின்ற பிறகுதான் திரும்பினார். பிறகு பேச்சு வழக்கம்போல யார் யாரை எந்தத் தொகுப்பில் விட்டுவிட்டார்கள் என்பதற்குப் போய்விட்டது. அன்று அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அவர் ஒருவருக்கு மட்டும் என்றால் கடிதமே போதும். நோய் நம்மில் பலருக்கும் இருக்கிறது.

நண்பர் கேட்க மறுத்தது, அயோனா என்ற குழுவின் முதல் ஆல்பம். 1990-ல் வந்தது. ஆல்பத்துக்கும் அதே பெயர். டேவ் பெயின்பிரிட்ஜ் கிடாரும் கீபோர்டும். டேவிட் ஃபிட்ஸ்ஜெரால்ட் சாக்ஸபோனும் புல்லாங்குழலும். குரல் ஜோவான் ஹாக் என்ற பெண்மணியுடையது. கிறிஸ்தவர்கள், அதை அவர்கள் மறைக்கவில்லை. குற்றம் அதுதான் போலிருக்கிறது.

ப்ரோக்ரஸிவ் ராக் என்ற வகை நண்பருக்குப் புதிதல்ல. மூன்று நிமிஷப் பாட்டின் சட்டகத்தை மீறி, நீண்ட உருவங்களையும் ஒற்றைப்படைத் தாளங்களையும் நாடி, 1960-களின் கடைசியில் இங்கிலாந்தில் கிளம்பிய இசை. ஜெனஸிஸ் குழுவின் 1972-ஆம் வருஷத்து 'சப்பர்ஸ் ரெடி', இசைத்தட்டின் ஏறக்குறைய ஒரு பக்கம் முழுவதும் ஓடுவது, வெளிப்படுத்தின விசேஷத்தின் படிமங்களில் போய் முடிகிறது. அதை எங்களுக்குப் போட்டுக் காட்டியவரே இந்த நண்பர்தான். கலைஞன் என்ற முத்திரையோடு வந்தவன் பைபிளை எடுத்தால் படிமம். கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொண்டு வந்தவன் எடுத்தால் பிரசாரமா? அப்பரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோமே, அவர் யாருக்காகப் பாடினார்? தேவாரத்தில் சமணர்கள் மேல் விழும் வசைகளைப் படித்த யாரும் அதைப் பிரசாரம் இல்லை என்று சொல்லத் துணியமாட்டார்கள். அதைத் தாண்டியும் அது கவிதையாக நிற்கிறது. எப்படி நிற்கிறது என்பதுதான் விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி. எழுந்து டீக்கடைக்குப் போவது அதற்கு விடையாகாது.

நான் கிறிஸ்தவன் அல்ல. கோவிலுக்கும் போகிறவன் அல்ல. ஆனால் திருப்பாதிரிப்புலியூரில் வாழ்கிறவன். அதனால்தான் இந்த ஆல்பம் என்னைத் தொந்தரவு செய்கிறது.

அயோனா என்பது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள சின்னத் தீவு. 563-ல் கொலம்பா என்ற துறவி அயர்லாந்திலிருந்து படகில் வந்து அங்கே கரையேறினார். அவர் காரணமாக ஒரு போர் மூண்டு பலர் மாண்டார்கள், அந்தப் பாவத்துக்காகத்தான் ஊரை விட்டுக் கடலில் இறங்கினார் என்பது மரபு. 597-ல் அங்கேயே இறந்தார். இதற்கு அடுத்த நூற்றாண்டில் நம் ஊர்க் கதை. சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பியவரைப் பல்லவன் கல்லோடு கட்டிக் கடலில் போட, கல்லே தெப்பமாகி அவர் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரையேறியதாகச் சேக்கிழார் பாடுகிறார். கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊரே இங்கே இருக்கிறது. சித்திரையில் விழா எடுக்கிறார்கள். கடல், ஒரு மனுஷன், ஒரு கரை. இரண்டு கதைக்கும் கச்சாப்பொருள் ஒன்றுதான்.

அவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள்? முதல் ஆல்பத்தையே அந்தக் கரையில் கொண்டுபோய் வைத்தார்கள். தலைப்புகளைப் பாருங்கள்: திரும்பும் அலை, காட்டு வாத்தின் பறத்தல், தீவு, வெண்மணல். 'அ மகெர்' என்று ஒரு வாத்திய இசை. மகெர் என்பது அந்தக் கரையோரப் புல்வெளிக்குக் கேலிக் மொழியில் உள்ள பெயர். சொல் ஒன்றும் இல்லை, உபதேசம் இல்லை, 'வாருங்கள்' என்ற அழைப்பும் இல்லை. ஒரு நிலம் காதுக்குள் மெல்ல விரிகிறது, அவ்வளவுதான். 806-ல் வைக்கிங்குகள் அந்தத் தீவில் 68 பேரை வெட்டிச் சாய்த்தார்கள். இது தெரிந்த பிறகு வெண்மணல் என்ற தலைப்பு வெறும் இயற்கை வர்ணனையாக இருக்க முடியாது. பக்தி இங்கே ஓர் இடத்தின் பாரத்தைச் சுமக்கிறது. அதனால்தான் பக்தனல்லாத நானும் உள்ளே போக முடிகிறது.

நாம் என்ன செய்தோம்? சித்திரையில் ஒலிபெருக்கி கட்டினோம். சக அவலாசிரியன் யாரும் இல்லாமல் ஒரே குரலில் வெற்றியைப் பாடினோம். இந்த ஊர் பாடலிபுத்திரம் என்ற பெயரில் சமணர்களின் பெரிய இருப்பிடமாக இருந்தது. சர்வநந்தி லோகவிபாகத்தை 458-ல் இங்கேதான் முடித்தார். அந்தப் பள்ளியை இடித்துத்தான் மன்னன் திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான் என்று பெரிய புராணமே பெருமையோடு சொல்கிறது. கரையேறியவருக்கு விழா உண்டு; இடிபட்ட பள்ளிக்கு ஒரு வரி இசை உண்டா? இதை ஆஸ்திகர்களிடம் மட்டும் கேட்கவில்லை. புதுக்கவிதை எழுதும் நாமும் இதைத் தொட்டதில்லை.

தமிழ்க் கிறிஸ்தவ இசைக்கு வருகிறேன். நண்பரின் கோபத்துக்கு ஒரு நியாயம் உண்டு என்றால் அது இங்கேதான். கன்வென்ஷன் பந்தல்களிலும் பஸ்களிலும் கேட்பது பெரும்பாலும் கீபோர்டுக்குள்ளேயே அடைத்து வரும் தாளம். சினிமாவிலிருந்து கடன் வாங்கிய உருக்கம். 'நான்', 'எனக்கு', 'என்னை' என்ற மூன்று சொற்களின் சுழற்சி. ஊர் இல்லை, கடல் இல்லை. கடலூரில் மிஷன் தொடங்கியது 1737-ல். இத்தனை காலம் இங்கே இருந்த ஒரு சமூகத்தின் பாட்டில் ஒரு துளி உப்புக்கூட இல்லை என்றால் யாரை நோவது?

ஆனால் ஆரம்பம் இப்படி இல்லை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) 1800-ல் எழுதிய பெத்லகேம் குறவஞ்சியை நம்மில் எத்தனை பேர் புரட்டியிருக்கிறோம்? குறி சொல்லும் குறத்தியின் நாடகத்துக்குள் சீயோன் மகளைக் கொண்டுவந்தார். அதோடு நிற்காமல் கோபர்னிக்கஸின் வானியலையும் அதற்குள் நுழைத்தார். இதை விடப் 'ப்ரோக்ரஸிவ்' ஆன காரியம் வேறென்ன? இதே மனுஷர்தான், மிஷனரிகள் சபைக்குள் ஜாதி வேற்றுமையை ஒழிக்க முனைந்தபோது எதிர்த்து நின்றார் என்பதையும் மறைக்கக் கூடாது. அவர் கீர்த்தனைகளின் அழகில் அந்தக் கறையும் சேர்ந்தே இருக்கிறது.

அந்தக் கறைக்குப் பதில் சொன்னவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005). பரட்டை என்ற பெயரில் எழுதியவர். கர்நாடக ராகத்தில் அமைந்த கீர்த்தனை மேல்ஜாதியின் மொழி, ஒடுக்கப்பட்டவனின் கடவுள் நாட்டுப்புற இசையில்தான் பேச முடியும் என்று வாதாடி, வழிபாட்டையே அந்த மெட்டுகளில் அமைத்தார். எல்லோருடைய அரிசியும் ஒரே உலையில் கொதிக்க வேண்டும் என்பது அவருடைய இறையியல். மக்கள் பாட்டை வாங்கி, தங்களுக்கு ஏற்றபடி மாற்றிப் பாட வேண்டும் என்பதும் அவருடைய கட்சி. இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கருத்துக்கு ஏற்ற மெட்டு என்று தேடும்போது உருவம் சில சமயம் வெறும் வண்டியாகிவிடுகிறது. ஆனால் தயங்குவதற்காவது அங்கே ஒரு இசைச் சிந்தனை இருக்கிறது. அவரைப் பற்றிப் புத்தகம் எழுத அமெரிக்காவிலிருந்து ஒரு ஆராய்ச்சியாளர் வர வேண்டியிருந்தது. நம் சிறுபத்திரிகைகளில் அவருக்கு எத்தனை பக்கம் கிடைத்தது? கிறிஸ்தவர் விவகாரம், நமக்கு ஏன் என்று இருந்துவிட்டோம். நண்பர் டீ குடிக்கப் போனது அன்றைக்கு மட்டும் நடந்ததல்ல.

அயோனாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்த ஆல்பத்தின் சாக்ஸபோன் பல இடங்களில் எண்பதுகளின் பளபளப்பில் வழுக்குகிறது. சில பாடல்களில் கிடார் உயர உயரப் போகும்போது, இதோ பரலோகம் என்று விரல் நீட்டுவது போலிருக்கிறது. அந்த இடங்களில் நானும் எழுந்துபோக நினைத்ததுண்டு. முதல் ஆல்பத்தின் தடுமாற்றம் அது. கேட்ட பிறகு சொல்கிறேன் என்பதுதான் வித்தியாசம்.

இந்த இசையை எனக்குக் கொடுத்தவர் எங்கள் வங்கிக் கிளையில் அடுத்த கவுண்டரில் இருப்பவர். ஞாயிறுகளில் ஒரு சபையில் கீபோர்டு வாசிக்கிறார். ஒரு தடவை கரையோர மீனவர்களின் ஏலப்பாட்டு மெட்டை ஏழு அட்சரத்தில் மாற்றி, சொல்லே இல்லாமல் நாலு நிமிஷம் ஆராதனையில் வாசித்திருக்கிறார். "இதுல ஆண்டவர் பேர் எங்க தம்பி வருது?" என்று பெரியவர் ஒருவர் கேட்டாராம். அதோடு நிறுத்திக்கொண்டார். அவருக்கு அங்கே காது இல்லை. எழுத்தாளர்கள் கூடுகிற இடத்தில் இருக்கும் என்று நினைத்து, சிதம்பரத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டிருந்தேன். அன்று ஏதோ வேலையாக அவர் வரவில்லை. நல்லதாயிற்று.

அடுத்த கூட்டத்துக்கு அவரைக் கீபோர்டோடு அழைத்து வருகிறேன். அந்த நாலு நிமிஷத்தை வாசிக்கச் சொல்கிறேன். நண்பர் டீயை முன்கூட்டியே குடித்துவிட்டு வந்து உட்காரட்டும்.