அரை டிக்கெட்டும் அளவுகோலும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் பள்ளிக்கூட உபாத்தியாயருக்குப் பாடம் நடத்தும் பொறுப்பு நீங்கிவிடுகிறது. பாடம் கற்றுக்கொள்ளும் பொறுப்பு ஆரம்பமாகிவிடுகிறது. கற்பிக்கிறவர்கள் அவருடைய சொந்தக் குழந்தைகள். சென்ற வருஷம் நான் கற்ற பாடம் ஒன்றை, இந்த வருஷம் குழந்தை குட்டிகளுடன் கேளிக்கைப் பூங்காவுக்குப் புறப்பட உத்தேசித்திருக்கும் நேயர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

தஞ்சைச் சீமையில் பிறந்த குழந்தைக்குத் தண்ணீரில் விளையாடக் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மேட்டூர் அணையைத் திறப்பதற்கு வழக்கமாகக் குறித்த நாள் ஜூன் 12. பள்ளிக்கூட விடுமுறையோ மே மாதத்தில். ஆற்றில் தண்ணீர் இருக்கும்போது குழந்தைகளுக்குப் படிப்பு இருக்கிறது. படிப்பு இல்லாதபோது ஆற்றில் மணல் இருக்கிறது. ஆகவே, காவேரிக் கரையில் குடியிருக்கும் நாம் ரயிலேறித் தண்ணீரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது!

போவதற்கு இடங்களுக்குக் குறைவில்லை. ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன் 1995-ல் தாம்பரத்துக்கு அருகே ஒரு பூங்காவை ஏற்படுத்தி, அதற்குக் ‘கிஷ்கிந்தா’ என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் சுபாவத்தை நன்கு அறிந்தவர் என்பதில் சந்தேகமில்லை. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்திலே ‘பிளாக் தண்டர்’ இருக்கிறது. 2000-ல் கொச்சியில் ‘வீகாலாந்து’ என்று ஆரம்பித்துப் பின்னர் ‘வொண்டர்லா’ என்று பெயர் மாறிய பூங்கா, பெங்களூரையும் ஹைதராபாத்தையும் எட்டி, 2025 டிசம்பரில் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. நாங்கள் போன இடம் எது என்பது இங்கே அவசியமில்லை.

எங்கள் வீட்டில் ஒரு மாத காலம் மகாநாடு நடந்தது. ‘உழவன் எக்ஸ்பிரஸ்’ வண்டியில் இடம் பிடிப்பது என் இலாகா. பிரயாணத்துக்கு 60 நாட்களுக்கு முன்பே முன்பதிவு ஆரம்பமாகிவிடுவதால், அதில் தாமதம் உதவாது. ஐந்து வயது நிரம்பிய குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம் என்று 2016-ல் விதி செய்துவிட்டார்கள். எனவே, பன்னிரண்டு வயதுப் பையனைப் பத்து வயது என்று சொல்லி அரை டிக்கெட் வாங்கும் நமது புராதனக் கலைக்கு அங்கே பழைய மதிப்பு இல்லை.

பூங்காவிலோ வயதைக் கேட்பதே கிடையாது. உயரத்தை அளக்கிறார்கள். 140 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் குழந்தைக் கட்டணம். ஆனால் பெரிய ராட்டினங்களில் ஏறுவதற்கு அந்த 140-ஐத் தாண்ட வேண்டும். பணம் கொடுக்கும் தகப்பனார், பிள்ளை கொஞ்சம் குட்டையாக இருக்கக் கூடாதா என்று ஏங்குகிறார். பிள்ளையோ கழுத்தை நீட்டுகிறான்.

என் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது, வளர்த்தி. பையனுக்கு ஏழு. அவன் ஒரு மாதமாகக் கனவு கண்டுகொண்டிருந்த ரயில் ராட்டினத்தின் வாசலில் 120 என்று கோடு கிழித்த கம்பம் நின்றது. பையன் 117. குதிகாலை உயர்த்தி நின்றான். காவலாளி அவன் தோளில் மெதுவாகக் கை வைத்து, “தம்பி, காலைக் கீழே ஊன்று” என்றார்.

நான் குறுக்கிட்டேன். அரை மார்க்குக்காக மன்றாடும் மாணவர்களை விரட்டியிருக்கும் நான், “மூன்று சென்டிமீட்டர்தானே, ஐயா!” என்று மன்றாடினேன்.

“நான் விடுவேன், ஸார். கம்பி விடாதே!” என்றார் அவர்.

அதன் பொருள் பிற்பாடுதான் விளங்கிற்று. ராட்டினத்தில் மடிக்குக் குறுக்கே விழும் இரும்புக் கம்பி, ஓர் அளவுள்ள உடம்பைப் பற்றிக் கொள்வதற்காகச் செய்யப்பட்டது. உடம்பு சிறியதாயிருந்தால், திருப்பத்தில் அது கம்பிக்கு அடியில் நழுவிவிடக் கூடும். ஊருக்குத் திரும்பியபின் அடுத்த வீட்டு நண்பர், “தடித்த அடியுள்ள ஜோடு போட்டிருந்தால் தீர்ந்தது!” என்று யோசனை சொன்னார். ஜோடு தலையை உயர்த்தும், இடுப்பைப் பெரிதாக்காது.

பையன் அழுதுகொண்டே தாயாருடன் பெஞ்சியில் உட்கார்ந்தான். நானும் பெண்ணும் மேலே சுழன்றோம். எனக்குச் சுகப்படவில்லை.

வால்ட் டிஸ்னி தம் இரு பெண்களையும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கிரிபித் பூங்காவில் குதிரை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, தாம் மட்டும் பெஞ்சியில் உட்கார்ந்திருப்பாராம். பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்து அனுபவிக்க ஓர் இடம் வேண்டும் என்று அங்கே எழுந்த எண்ணந்தான் 1955 ஜூலை 17-ல் டிஸ்னிலாந்தாகத் திறக்கப்பட்டது. பெஞ்சியை ஒழிப்பதற்காகத் தோன்றிய இடத்துக்குப் போய், நான் என் குடும்பத்தில் பாதியைப் பெஞ்சியில் உட்கார்த்தியிருந்தேன்!

பிற்பகலில் அலைக்குளத்துக்குப் போனோம். பருத்தியின் நூலிழை வடிகட்டும் இயந்திரத்தில் சிக்கும் என்று நைலான் உடைதான் உடுத்தச் சொன்னார்கள். கதர் நூற்ற பாட்டனாரின் பேரன் நைலானில் புகுந்தேன். அங்கே கம்பம் இல்லை. நால்வரும் கை கோத்து, பையனின் இடுப்பளவு நீரில் நின்று அலையை வாங்கினோம். அன்றைய தினத்தைப் பற்றிப் பையன் இன்றும் சொல்வது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

ஆகவே, நேயர்களே, டிக்கெட் வாங்குவதற்கு முன் வீட்டு நிலைக்கதவோரம் குழந்தைகளை நிறுத்திப் பென்சிலால் கோடு போடுங்கள். எந்த விளையாட்டுக்கு எத்தனை உயரம் என்பதைப் பூங்காவிடம் முன்னதாகவே விசாரியுங்கள். எல்லாரிலும் சிறிய குழந்தை எதில் ஏறலாமோ அதிலிருந்து திட்டத்தை ஆரம்பியுங்கள். பெரியவளின் ஆசைக்குப் பிற்பகலில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஏற முடியாதது எது என்பதைக் குழந்தைக்கு ஊரிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக் கூடத்தில் வரும் அழுகை சீக்கிரம் தீரும். கம்பத்தடியில் வரும் அழுகை தீராது. புளியோதரைப் பாத்திரத்தை உள்ளே விடுவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுடையது வாசலோடு நின்றுவிட்டது.

போன வாரம் நிலையில் புதுக் கோடு போட்டோம்: 122. பையன் துள்ளினான். உடனே, “அப்பா, 140 எப்போது வரும்?” என்றான்.

“இன்னும் மூன்று வருஷமாவது ஆகும்” என்றேன். முகம் வாடிற்று.

அதற்குள் மூன்று ஆடிப் பெருக்கு வரும் என்று நினைவூட்டினேன். பதினெட்டாம் பெருக்கன்று தெருவில் சப்பரம் இழுப்பதற்குக் கயிறு கைக்கு எட்டினால் போதும்; யாரும் உயரம் அளப்பதில்லை.