இயந்திரத்தின் எஞ்சிய ஆயுள்

ஓடும் இயந்திரம் இன்னும் எத்துணை நாள் ஓடும் என்று முன்னரே கணித்துரைக்கும் தொழிலை இக்காலத்தார் கணிப்பொறியில் அமைந்த நரம்பு வலைகளிடம் ஒப்புவித்து வருகின்றனர். நன்னூல் பயிலும் எமக்கு எஞ்சினைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று பௌதிக வகுப்பு நண்பர் நகைக்கின்றார். நகைக்கட்டும். அவ்வெஞ்சின் பூட்டிய விமானத்தில் ஏறுவோர் யாவரும் பௌதிகம் பயின்றவரல்லரே!

எஞ்சினில் பொருத்திய உணரிகள் வெப்பம், அழுத்தம், சுழல்வேகம் முதலியவற்றை அளந்து தரும். முன்பு பழுதுற்ற எஞ்சின்கள் பலவற்றின் குறிப்புகளைத் தொடக்கமுதல் முடிவுவரை வலைக்குக் காட்டுவர். தான் கூறிய விடை மெய்யினின்று விலகுந்தோறும் வலை தன்னுள் உள்ள எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளும். இங்ஙனம் பயின்றபின், புதிய எஞ்சினொன்றின் குறிப்பைக் கண்டவுடன், 'இன்னும் 60 பயணம்' என்று ஓர் எண்ணைச் சொல்லும்.

எமது ஐயம் ஈண்டே பிறக்கின்றது. சாவைப் பார்த்தே ஆயுளைக் கற்கும் இவ்வலைக்குப் போதிய சாவுகள் எங்கே கிடைக்கும்? பயணிகளை ஏற்றிய எஞ்சினைப் பழுதுறும்வரை ஓடவிடுவார் யார்? ஆதலின் அமெரிக்க நாட்டு நாசா நிலையத்தார் 2008-ஆம் ஆண்டில் எஞ்சின்களைக் கணிப்பொறியினுள்ளே பாவனையாக ஓட்டிப் பழுதாக்கி, அக்குறிப்புகளை வெளியிட்டனர். அவற்றுள் முதல் தொகுதியில், பயிலுதற்கு 100 எஞ்சின், ஒவ்வொன்றிற்கும் 21 உணரி, பழுதோ ஒரேவகை. 2012-இல் பிரான்சு நாட்டுப் பெசன்சோன் நகரத்தார் மெய்யான பேரிங்குகளையே மிகுபாரமேற்றிச் சில மணி நேரத்தில் தேயச் செய்தனர். அவை மொத்தம் 17 தாம். இத்துணைச் சிறு பள்ளியில் பயின்ற மாணாக்கன் உலகத்து இயந்திரங்கட்கெல்லாம் நாள் குறிக்கப் புகுந்தால் யாம் சற்றே தயங்குவது பிழையாமோ?

ஒன்றை மட்டும் யாம் மனமாரப் புகழ்வோம். 2008-ஆம் ஆண்டுப் போட்டியில் வகுத்த தண்டக் கணக்கில், உள்ள ஆயுளினும் 50 பயணம் குறைத்துச் சொன்ன வலைக்குத் தண்டம் ஏறக்குறைய 46. 50 பயணம் கூட்டிச் சொன்னதற்கோ 147. குறைத்துச் சொன்னால் பணம் போகும், கூட்டிச் சொன்னால் உயிர் போகும் என்பதை அக்கணக்கை வகுத்தோர் நன்குணர்ந்திருந்தனர்.

நிற்க. 2018 ஏப்ரல் 17-ஆம் நாள் நியூயார்க்கினின்று டல்லாசுக்குப் பறந்த சௌத்வெஸ்ட் விமானத்தில், எஞ்சின் விசிறியின் தகடு ஒன்று அடியில் ஒடிந்தது. சிதறிய துண்டால் சன்னல் உடைய, பெண்மணி ஒருவர் உயிர் நீத்தார். அத்தகடு 32,636 பயணம் கண்டது. அதன் அடியில் மெல்ல வளர்ந்த விரிசல், வெப்பமும் அழுத்தமும் அளக்கும் உணரிகட்குப் புலனாவதன்று. உணரிக்குப் புலனாகாதது வலைக்கும் புலனாகாது. மூன்று நாள் கழித்து, 30,000 பயணம் கடந்த தகடுகளை 20 நாளுக்குள் மீயொலி செலுத்திச் சோதிக்குமாறு அமெரிக்க விமானத் துறையார் ஆணையிட்டனர்.

இதனைக் கேட்ட நண்பர், "அத்தகட்டை 2012-இல் சாயமிட்டுச் சோதித்த மனிதர் கண்ணுக்கும் விரிசல் தென்படவில்லையே!" என்று எம்மை மடக்கினார். மெய்தான். மனிதர் கண் பிழையாது என்று யாம் வாதிக்கவில்லை. வலை உளதென்று சொல்லிச் சோதிப்போரை வீட்டுக்கு அனுப்பலாகாது என்பதே எம் வாதம். அன்றியும், '60 பயணம்' என்று ஒற்றை எண்ணைக் கூறாது, '30 முதல் 90 வரை' என்று தன் ஐயத்தின் அளவையும் வலை கூறல் வேண்டும். அங்ஙனம் கூறும் வலைகளை அமைத்தல் இயலாததன்று, ஏற்கெனவே அமைத்துள்ளனர்.

இரு எல்லை கூறினால் முதலாளி 90-ஐயே பிடித்துக்கொள்வான் என்கிறார் நண்பர். பிடித்துக்கொள்ளட்டும், பிடித்ததை எழுதித் தன் கையெழுத்தும் இடட்டும் என்றோம். அவர் மறுப்பை அடுத்த மலரில் எழுதுவதாக இருக்கின்றார்.